அவள் சொல்லச் சொல்ல விளையாடினேன்

அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில்தான் கேட்டேன். வேலை முடிந்து வந்து, விறாந்தைக் கதிரையில் இருந்தபடி இணையத்தில் எதையோ ஓடவிட்டிருந்தேன். பழைய கணினி விளையாட்டுகளைப் புதிதாக மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பேச்சுக்குப் பின்னால் ஒரு கோடரி மரத்தில் விழுந்தது. அடுத்தடுத்துச் சில வெட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் வெட்டு. அந்த இடைவெளியின் நீளம்கூட எனக்கு மறந்திருக்கவில்லை.

குசினியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டேன்.

“இஞ்ச ஒருக்கா வாரும். இதைக் கேளும்.”

“ஆர் இந்த நேரத்தில விறகு கொத்துறது?”

“விறகில்லை. கேம். நானும் அவனும் விளையாடின கேம்.”

அவன் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், முரசுமோட்டையில், எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வளர்ந்தவன். ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்தான் இருந்தது. இப்போது வவுனியாவில், நெளுக்குளத்தில் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். வருசப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பான். அதற்கு மேல் நாங்கள் கதைப்பது குறைவு. கோபம் ஒன்றுமில்லை. கதைக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கண் தெரியாது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கத்தில், வெடித்த செல்லின் துண்டு ஒன்று இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. அப்போது எனக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். இப்போது கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. மனைவி முன்பள்ளி ஆசிரியை. கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம். கத்தோலிக்கர்கள். யுத்தம் முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்த காலத்தில் கண்பார்வை இல்லாதவர்களுக்கென்று வவுனியாவில் ஒரு பயிற்சி நடந்தது. அங்கே பாடங்களை வாசித்துக்காட்ட வந்தவர்களில் அவளும் ஒருத்தி. நான் முதலில் தெரிந்துகொண்டது அவளுடைய குரலைத்தான். அது எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரங்களில் அவள் பத்திரிகை வாசிப்பாள், நான் கேட்பேன். அப்படித்தான் எங்கள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த விளையாட்டு எங்களிடம் வந்தது, யுத்தம் சில வருசம் நின்றிருந்த சமாதான காலத்தில். பாதை திறந்து, கொழும்பிலிருந்து சாமான்கள் வரத்தொடங்கிய காலம். கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையம் இருந்தது. தகரக் கூரை, வெளியே ஒரு ஜெனரேட்டர், உள்ளே நாலைந்து கணினி. தட்டச்சுப் பழகத்தான் வீட்டில் அனுப்பினார்கள். வகுப்பு முடிந்த பிறகு ஜெனரேட்டரில் எண்ணெய் மிஞ்சியிருந்தால் நிலையத்தை நடத்தியவர் எங்களை விளையாட விடுவார். இரண்டு விளையாட்டு இருந்தன. ஒன்று ஊர் கட்டுகிற விளையாட்டு: மரம் வெட்ட வேண்டும், வயல் செய்ய வேண்டும், மதில் எழுப்ப வேண்டும், படை திரட்ட வேண்டும், எதிரி வந்தால் அடிக்க வேண்டும். மற்றது வழிப்போக்கர் விளையாட்டு. ஐந்து பேர் கூட்டமாக ஒரு நாட்டைக் கடந்து போவார்கள். அந்த நாட்டில் ஆறு வற்றிப்போயிருக்கும். ஏன் வற்றியது என்று தேடிக்கொண்டு ஆற்றின் தலைமாட்டுக்கு நடந்து போவதுதான் கதை.

எனக்கும் அவனுக்கும் ஒரே கதிரை. பாதிப் பாதி உட்காருவோம். மவுஸ் அவன் கையில், விசைப்பலகை என் கையில். அவன் படையைப் பார்ப்பான், நான் ஊரைப் பார்ப்பேன். “டேய், விறகு முடியுது” என்று நான் சொன்னால், “பொறு, பொறு, கோட்டையை உடைச்சிட்டு வாறன்” என்பான். ஜெனரேட்டர் திடீரென்று நின்றால் உலகமே நின்றுவிடும். அந்த இருட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருப்போம். பிறகு யுத்தம் மறுபடி தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. நிலையமும் பூட்டப்பட்டது. வழிப்போக்கர் கதையை நாங்கள் கடைசிவரை விளையாடி முடிக்கவேயில்லை.

காணொளி கேட்ட மறுநாள், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவர் தன்னுடைய வங்கி அட்டையால் இரண்டு விளையாட்டையும் எனக்கு வாங்கித் தந்தார். மடிக்கணினியில் ஏற்றியும் விட்டார். “அண்ணை, இதை எப்பிடி விளையாடப் போறியள்?” என்று மட்டும் தயக்கத்தோடு கேட்டார். எனக்கும் தெரியவில்லை. புதிதாக வருகிற சில விளையாட்டுகளைக் கண் தெரியாதவர்களும் தனியே விளையாடலாம். எழுத்தை வாசித்துச் சொல்லும், எந்தப் பக்கம் சுவர் என்று சத்தத்தால் காட்டும். நானும் ஒன்றிரண்டை முயன்றிருக்கிறேன். ஆனால் இவை பழையவை. என்னதான் மெருகேற்றினாலும் என்னைப் போன்ற ஒருவனை நினைத்து இவற்றை யாரும் செய்யவில்லை.

“நான் பாத்துச் சொல்லுறன்” என்றாள் மனைவி. “பேப்பர் வாசிக்கிறது போலத்தானே?”

அது பேப்பர் வாசிப்பது போல இருக்கவில்லை. ஊர் கட்டுகிற விளையாட்டை முதலில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போய் வந்த பிறகு.

“என்ன தெரியுது?”

“பச்சையா இருக்கு. நாலைஞ்சு பேர் நிக்கினம். ஆடு மேயுது. தண்ணியில அலை அடிக்குது. மரத்தின்ர நிழல் ஆடுது. ஐயோ, நல்ல வடிவு.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. என் நினைவிலிருந்த தண்ணீரில் அலை இல்லை. மரங்களுக்கு நிழல் இருந்தாலும் அது அசையாது. அவள் சொல்லச் சொல்ல என் தலைக்குள் இருந்த பழைய படம் கலைந்தது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. கண் போன பிறகு என்னிடம் இருப்பதெல்லாம் முன்பு பார்த்தவைதான். அவற்றை யாரும் மாற்றிவிடக்கூடாது என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. அம்மாவின் முகத்தைக்கூட அந்த வயதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விளையாட்டின் அமைப்புகளுக்குள் பழைய படத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது என்று அந்தக் காணொளிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. தேடச் சொன்னேன். அவள் தேடிப் பிடித்து அழுத்தினாள்.

“சீ, இதென்ன இது? எல்லாம் சதுரம் சதுரமாப் போச்சு. ஆக்களுக்கு முகமே இல்லை. ஆடு எண்டு சொன்னா ஆடு, இல்லாட்டி வெள்ளைப் பொட்டு.”

“அதுதான்,” என்றேன். “அப்பிடியே விடும்.”

அந்த வெள்ளைப் பொட்டுகள் எனக்குத் தெரிந்தன. எங்கே மேய்கின்றன என்று அவள் சொல்ல, அதே இடத்தில் நானும் கண்டேன். மரம் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் எதிரி வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

“வாறாங்கள்! வாறாங்கள்!”

“எந்தப் பக்கத்தால?”

“அந்தா, அந்தப் பக்கத்தால!”

விரலை நீட்டிக் காட்டியிருக்கிறாள். நான் காணமாட்டேன் என்பதை அந்த ஒரு கணம் மறந்துபோனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நான் “மேற்கால ஆக்களை அனுப்பும்” என்று சொல்லி முடிப்பதற்குள் எங்களுடைய ஆட்கள் எல்லோரும் முடிந்துபோனார்கள். அந்த விளையாட்டு யாருக்காகவும் காத்திராது. “எனக்கு நெஞ்சு படபடக்குது. இது வேண்டாம்” என்று கணினியை மூடினாள்.

அதனால் வழிப்போக்கர் விளையாட்டுக்குப் போனோம். அது காத்திருக்கும். நாங்கள் ஒன்றைத் தெரிவு செய்யும்வரை அந்த ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் நிற்பார்கள். சண்டையிலும் ஆளுக்கொரு முறை என்று வரும். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள், நான் என்ன செய்வதென்று சொல்லுவேன். தெரியாத சொல் வந்தால் கைப்பேசியைக் கேட்போம். பத்திரிகை வாசிக்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இதற்குப் போனது.

அவள் ஒவ்வொரு வழிப்போக்கனுக்கும் ஒவ்வொரு குரல் கொடுத்தாள். முன்பள்ளியில் கதை சொல்லிப் பழகிய குரல். வில்வித்தைக்காரி கொக்கிளாய்ப் பெண்களைப் போலக் கதைத்தாள். கூட்டத்தில் இருந்த கிழட்டு மந்திரவாதிக்கு எங்கள் கிராம அலுவலருடைய இழுவை வந்தது. இந்தக் கதையில் இத்தனை மனிதர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் நானும் அவனும் ஆங்கிலத்தை வாசிக்காமல் அழுத்தி அழுத்தித் தாண்டிவிடுவோம். எங்களுக்கு வேண்டியது சண்டையும் வாளும்தான்.

மூன்றாவது ஊரோ நாலாவது ஊரோ தெரியாது. ஆறு வற்றியதால் சனம் விட்டுவிட்டுப் போன ஊர் அது.

“வீடுகள் கிடக்கு. ஆக்கள் ஒருத்தரும் இல்லை” என்றாள்.

“ஒவ்வொரு வீடாப் போம். உள்ள பெட்டி, அலுமாரி எல்லாம் இருக்கும். திறந்தா சாமான் கிடைக்கும்.”

“என்ன சாமான்?”

“காசு, மருந்து, சில நேரம் நல்ல வாள். எல்லாத்தையும் எடுக்க வேணும். இல்லாட்டிப் பிறகு கஷ்டப்படுவம்.”

அவள் மவுஸை அசைக்கவில்லை. அசைத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அவளுடைய வளையல் மேசையில் உரசுகிற சத்தம் வரவில்லை.

“ஏன், கதவு தெரியேல்லையோ?”

“கதவு தெரியுது. திறந்துதான் கிடக்கு.” கொஞ்சம் பொறுத்து, “ஆக்கள் இல்லாத வீட்டுக்குள்ள போய் அலுமாரியைத் திறக்கிறதோ?” என்றாள்.

“இது கேமப்பா. எல்லாரும் அப்பிடித்தான் விளையாடுறவை.”

“எல்லாரும் செய்யட்டும். நான் திறக்கேல்லை.”

அவளுடைய குடும்பம் முகாமிலிருந்து திரும்பி வந்த நாளைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள், ஆனால் ஓரிரு வரியில்தான். வீடு நின்றது, கூரை இல்லை என்று. அன்று பின்னேரம் மிச்சத்தையும் சொன்னாள். கூரையும் கதவும் போனது அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். அறைக்குள் அலுமாரி நின்றது. அதன் ஒவ்வொரு தட்டும் இழுத்து வெளியே எடுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எடுத்தவர்கள் அவசரப்படவில்லை. நிதானமாக இருந்து பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் அவள் போட்ட சட்டை ஒரு தட்டில் இருந்தது. அதை எடுத்து, விரித்துப் பார்த்து, வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“அதைக் கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை,” என்றாள். “விரிச்சுப் பாத்திருக்கினம். அதுதான் எனக்கு.”

எங்கள் பக்கத்தில் அப்படித் திறக்கப்படாத வீடு ஒன்றுகூட இல்லை. எங்களுடைய வீட்டில் சுவரே இருக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த விளையாட்டையும் அதையும் சேர்த்துப் பார்க்க ஒருபோதும் தோன்றியதில்லை. இணையத்தில் இந்தப் பழைய விளையாட்டுகளைப் பற்றிக் கதைப்பவர்கள் இதைப் பகிடியாகச் சொல்லுவார்கள். வீரன் உலகத்தைக் காப்பாற்றப் போகிறான், போகிற வழியில் ஏழைகளின் சட்டி பானையையும் உருட்டிக்கொண்டு போகிறான் என்று. நானும் கேட்டுச் சிரித்தவன்தான்.

“சரி,” என்றேன். “திறக்காமல் போவம்.”

அதற்குப் பிறகு விளையாட்டு மிகவும் கஷ்டமாகிவிட்டது. மருந்து இல்லை, நல்ல கவசம் இல்லை. ஓநாய்க் கூட்டம் ஒன்றிடம் திரும்பத் திரும்பத் தோற்றோம். ஆனால் ஆட்கள் இருக்கிற வீடுகளில் கதவைத் தட்டிக் கதைக்கத் தொடங்கினோம். கேட்டால் சிலர் தந்தார்கள். ஒரு கிழவி தின்னப் பாணும், கூடவே ஒரு கயிறும் தந்தாள். கயிறு எதற்கென்று பத்து நாள் கழித்துத்தான் விளங்கியது. பழைய விளையாட்டு ஒன்றுக்குள் இப்படியும் ஒரு பாதை இருந்திருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் அலுமாரிகளுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதில் அதைக் காணவில்லை.

நெளுக்குளத்தில் இருந்தவனுக்கு நான்தான் போன் எடுத்தேன். தீபாவளியும் இல்லை, வருசப் பிறப்பும் இல்லை. பயந்துவிட்டான்.

“என்ன மச்சான், ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?”

“இல்லையடா. கேம் விளையாட வாறியோ?”

வெடித்துச் சிரித்தான். “உனக்கு விசர்!” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான்.

என் தோளைப் பிடித்தபோது அவனுடைய உள்ளங்கை தகரம் போல இருந்தது. எண்ணெய் மணந்தது. இந்தப் பக்கம் அவன் வருவது அரிது. முரசுமோட்டைக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவோடு நின்றுவிட்டவன். மனைவியிடம், “தங்கச்சி, இவனோட எப்பிடிக் குடும்பம் நடத்துறியள்? விறகு முடியுது, விறகு முடியுது எண்டு கத்துவானே” என்றான்.

“இப்ப காஸ் முடியுது எண்டு கத்துறார் அண்ணை” என்றாள் அவள்.

ஊர் கட்டுகிற விளையாட்டைத்தான் அவன் கேட்டான். இரண்டு கதிரையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அமர்ந்தோம். புதிய வெளியீட்டில் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டுக் கட்டளை கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தான். “இது நல்லது, நாங்கள் கிழவராப் போனதுக்கு” என்றான். கேட்காமலே எனக்குச் சொல்லிக்கொண்டு போனான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கல்லு, வடக்கே ஒரு இடுக்கு. அவன் சொல்ல எனக்குக் கேள்வியே வரவில்லை. எது எனக்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் வயலைப் பார்த்தேன், அவன் மதிலைக் கட்டினான். நேரம் போனது தெரியவில்லை. குசினியில் மீன் பொரியும் மணம் வந்தது.

பிறகு வடக்கு இடுக்கால் எதிரி வந்தான். மதில் உடைகிற சத்தம் எனக்கும் கேட்டது. அந்த விளையாட்டில் அப்படியான நேரத்துக்கென்று ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் வயலிலும் காட்டிலும் நிற்கிற சனம் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஊர் மண்டபத்துக்குள் ஓடும். உள்ளே போய்விட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

“மணியை அடி” என்றேன்.

அடித்தான். மணிச் சத்தமும் ஓடுகிற காலடிச் சத்தமும் கேட்டன. அவன் எனக்குச் சொல்லுவதை நிறுத்திவிட்டான். நான் காத்திருந்தேன்.

“எல்லாம் உள்ள போயிட்டுதோ?”

கதிரை பின்னால் தள்ளுப்படுகிற சத்தம் கேட்டது. எழுந்து வெளியே போனான். விளையாட்டு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் வாளி விழுந்தது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறான் என்று நினைத்தேன். கனநேரம் கழுவினான். மனைவி வந்து மடிக்கணினியின் சத்தத்தைக் குறைத்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவன் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தான்.

“உள்ள போனாத் தப்பலாம் எண்டுதானே மச்சான் எங்களுக்கும் சொன்னவை,” என்றான்.

நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவனுடைய தங்கச்சி அந்தக் கடைசி மாதங்களில் செத்துப்போனாள் என்பது எனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அந்த நாட்களில் நான் கண்ணில் கட்டோடு வேறெங்கோ கிடந்தேன். பிறகு கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னான். பாதுகாப்பான இடம் என்று அரசாங்கம் அறிவித்த பக்கத்துக்கு அம்மாவையும் தங்கச்சியையும் அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். தறப்பாளின் கீழ் ஒரு பங்கர் வெட்டினான். அம்மாவை உள்ளே இறக்கினான். தங்கச்சி கஞ்சிக்கு வரிசையில் நின்றாள். “வா, உள்ள வா” என்று கூப்பிட்டிருக்கிறான். “இந்தா, வாறன் அண்ணா” என்றிருக்கிறாள். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

“அந்த மண்டபத்துக்குள்ள எத்தினை பேர் நிக்கினம் எண்டு மேல இலக்கம் காட்டுது,” என்றான் பிறகு. “ஒருத்தர் குறைஞ்சாலும் தெரியும். அவ்வளவு சின்ன கேமுக்குத் தெரியுது.”

மனைவி எங்களைக் கூப்பிடவில்லை. தேத்தண்ணியைக் கிணற்றடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குடித்தோம். அவன் என்னுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டானா, தண்ணீரைப் பார்த்துக் கேட்டானா தெரியாது: “உனக்கு ஒண்டும் செய்யேல்லையோ, அந்தச் சத்தம்?”

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்தக் கோடரிச் சத்தம் ஜெனரேட்டர் காலத்தைத்தான் கொண்டுவந்தது. வெளிச்சத்தைக் கொண்டுவந்தது. கண் இருந்த காலத்து மகிழ்ச்சியான சத்தங்களில் அதுவும் ஒன்று. அவனுக்கு அதே விளையாட்டு வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இருவரும் பாதிப் பாதி இருந்த கதிரை ஒன்றுதான், ஆனால் எழும்பிப் போன திசைகள் வேறு. அதை அவனுக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. “எனக்கு உன்ர குரல்தான் கேக்குது,” என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்தான்.

சாப்பிட்ட பிறகு அவன் புறப்படுவான் என்று நினைத்தேன். “மற்றது? அந்த ஆறு வத்தின கேம்? அதையும் வாங்கினியோ?” என்று கேட்டான். மனைவி கணினியை மறுபடி திறந்தாள். இதுவரை நடந்த கதையை அவனுக்குச் சொன்னாள். வில்வித்தைக்காரியின் குரலில் கதைத்துக் காட்டியபோது அவன் முதல் முறையாகச் சிரித்தான். ஒரு வெறும் வீடு வந்தது. அவன் கை பழக்கத்தில் அலுமாரிப் பக்கம் போயிருக்க வேண்டும்.

“அண்ணை, அது நாங்கள் திறக்கிறேல்லை” என்றாள்.

“ஏன்?”

“ஆக்கள் திரும்பி வருவினம்.”

ஏன் என்று அவன் திரும்பக் கேட்கவில்லை. “ஓம், ஓம்” என்றான். மவுஸை அவளிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டான்.

அதன் பிறகு அவனுடைய போன் வராத கிழமையே இல்லை. கடையைப் பூட்டியதும் எடுப்பான். “எங்க நிக்கிறியள்? மலையில ஏறியாச்சோ?” மனைவி கைப்பேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு வாசிப்பாள். நான் ஒரு பக்கம், அவன் நெளுக்குளத்தில் மறுபக்கம். எந்தப் பாதையால் போவது என்று சண்டை பிடிப்போம். வாக்குச் சமனாகாது, மூன்று பேர் என்பதால். அநேகமாக அவர்கள் இருவரும் ஒரு பக்கம் நிற்பார்கள். சில நாட்களில் விளையாட்டை விட்டுவிட்டுத் தங்கச்சியைப் பற்றிக் கதைப்பான். சின்ன வயதில் எங்கள் சைக்கிளைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் விழுந்தது, அவள் பாடுவது, அவளுடைய பிடிவாதம். எப்படிப் போனாள் என்பதைப் பற்றி அல்ல. எனக்கும் அவளைத் தெரியும் என்பதால் நானும் சிலவற்றைச் சொல்லுவேன். மனைவி நடுவில் கேள்வி கேட்பாள். அவளைக் காணாத ஒருத்தி கேட்கிறபோது சொல்லுவது எங்களுக்கு இலேசாக இருந்தது.

மாரி தொடங்கிய பிறகுதான் அந்தப் பயணம் முடிந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. கூரையில் மழை அடித்ததில் அவள் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. நெளுக்குளத்திலும் மழை என்று போனில் கேட்டது. ஆற்றின் தலைமாட்டில் ஒரு பிரபு தன்னுடைய கோட்டைக்காகத் தண்ணீரை மறித்து வைத்திருந்தான். மருந்தில்லாத, கவசமில்லாத எங்கள் ஐந்து பேராலும் அவனோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வழியெல்லாம் கதவு தட்டிக் கதைத்த ஊர்களிலிருந்து சனம் வந்திருந்தது. அவர்கள் அணைக் கதவுகளைத் திறந்துவிட, தண்ணீர் போனது. சண்டையே நடக்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்திருந்தால் வாளைத்தான் தூக்கியிருப்போம்.

கடைசியில் அந்த நாட்டுச் சபை எங்களைக் கூப்பிட்டது. மனைவி வாசித்தாள்: செய்த உதவிக்கு நன்றியாக ஆற்றங்கரையில் உங்களுக்குக் காணி தருகிறோம், ஏற்றுக்கொள்கிறீர்களா?

“இதில ஓம், இல்லை எண்டு ரெண்டுதான் கிடக்கு,” என்றாள். “என்ன செய்ய?”

“பொறுங்கோ தங்கச்சி,” என்றான் அவன் போனில். “காணி உறுதி எழுதித் தருவினமோ எண்டு கேளுங்கோ.”

“அப்பிடிக் கேக்க இதில இடமில்லை அண்ணை.”

“அப்ப வாயாலதான் சொல்லுகினம்.”

“வாயாலதான்.”

மூன்று பேரும் சிரித்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டில் எதை அழுத்துவது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய வளையல் மேசையில் மெல்ல உரசியது. பிறகு ஓர் இசை தொடங்கியது.

“என்னத்தை அழுத்தினீர்?” என்று கேட்டேன்.

“ஓம் எண்டு,” என்றாள். “அந்த ஐஞ்சு பேரும் நடந்து களைச்சுப் போச்சினம். இருக்கட்டும்.”

சிறிது நேரம் கழித்து அவன் போனில், வாற மாதம் முரசுமோட்டைக் குத்தகை முடிகிறது, காணியை ஒருக்காப் பார்க்க வர வேண்டும், வந்தால் உங்களோடு தங்கலாமோ என்று கேட்டான்.

“அதுக்கென்ன, வாங்கோ அண்ணை,” என்றாள் மனைவி. “அறை கிடக்கு.”